நாலுக்கு மூணு

— அதெல்லாம் வேற ஆள்கிட்ட வெச்சுக்க மச்சான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— பாரு மாப்ள, முதல்ல கொஞ்சம் காப்பி ஊத்து. கை வெறச்சுப் போச்சு. வர்ஜீனியாவுல குளிரே கெடையாதுன்னு ஊர்ல சொன்னான் பாரு ஒருத்தன், அவனக் கூட்டிட்டு வந்து இந்தச் சேத்துல நிக்க வெக்கணும்.

— ஊத்தறேன், குடிச்சுட்டுப் போ. ஆமா, சார்ஜண்ட் ரூஃபஸ்ஸா வந்திருக்கியா, என் பொண்டாட்டியோட அண்ணனா வந்திருக்கியா? அதச் சொல்லு.

— ரெண்டு பேரும்தான். ஒரே சட்டைக்குள்ள இருக்கோம், நான் என்ன பண்ண?

— அப்ப சார்ஜண்ட்டுக்குச் சொல்றேன், கேட்டுக்க. ஆயிரத்தெண்ணூத்தி அறுபத்தொண்ணுல மூணு வருசத்துக்குன்னு பட்டாளத்துல சேந்தேன். வர்ற ஆகஸ்டோட முடியுது. முடிஞ்சா வடக்க மெய்ன்ல நம்ம ஆத்துக்குப் போயி, பழையபடி வெட்டின மரத்தத் தண்ணியில ஓட்டிப் பொழைச்சுக்குவேன். இன்னொரு மூணு வருசம் எதுக்கு? என் உசுரு என்ன அரசாங்கத்துச் சொத்தா?

— சண்டை இன்னும் முடியலியே மாப்ள. விலங்கு கழண்டு வந்த அடிமைங்கள மறுபடி பூட்டிடுவான் தெற்குக்காரன்.

— அதுக்காகத்தானே மூணு வருசத்தக் குடுத்தேன்? குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? சும்மா கதை விடாத.

— சரி, ரெஜிமெண்ட்டயாவது நெனச்சுப் பாரு. நாலுக்கு மூணு பேர் மறுபடி சேந்தாத்தான் நம்ம நம்பர் நிக்கும், கொடி நிக்கும். எல்லாரையும் ஒண்ணா ஊருக்கு லீவுல அனுப்புவாங்க. ஒரு ஆள் கொறஞ்சாலும் கதை கந்தல். கொடியக் கொண்டு போயி எங்கயாவது மூலையில சாத்திடுவான். நம்மளப் பிச்சு நியூயார்க்காரன் கூட்டத்துல போட்டுடுவான். அந்தக் கணக்குக்கு நம்ம கம்பெனியில பாக்கி ஒரே ஒரு ஆளு. அது நீ.

— நியூயார்க்காரன் நல்லாச் சமைப்பானாமே.

— வெளையாடாத ஜோத்தம்.

— வெளையாட்டா எனக்கு? அந்தக் கொடிக்கு நான் என்ன குறை வெச்சேன்? ஜூலையில, அந்தக் கோதுமைக் கொல்லையில, கொடி பிடிச்சவன் விழுந்தான். அடுத்தவன் எடுத்தான், அவனும் விழுந்தான். அப்பறம் எடுத்தது யாரு?

— நீதான். இல்லேங்கலியே.

— தொடையில குண்டு வாங்கிக் கெடந்த உன்னை முதுகுல போட்டுக்கிட்டு வந்தது யாரு?

— நீதான் மாப்ள. அத நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன்.

— பின்ன? கெளம்பறப்ப ஆயிரம் பேரு. ஆத்தங்கரையே அழுதுச்சு. பாதிப் பேரு குண்டு பட்டுக்கூடச் சாகல. மொத வருசம் அந்தச் சதுப்புல பேதியில போனான், காச்சல்ல போனான். என் பக்கத்துப் படுக்கை ஏனோஸ் ஒரு குண்டு கூடச் சுடாமச் செத்தான், பாவி. அவனுக்கும் சேத்து நான் நடந்தாச்சு. ஆளை விடு.

— அவங்களுக்காகத்தான் கேக்கறேன். நம்பரே போச்சுன்னா, ஏனோஸ் எந்த ரெஜிமெண்ட்ல செத்தான்னு நாளைக்கு யாரு சொல்லுவா?

— நான் சொல்றேன். உசுரோட ஊருக்குப் போனா உக்காந்து ஒவ்வொருத்தன் கதையாச் சொல்றேன். நானும் செத்துட்டா யாரு சொல்லுவா?

— உன்கிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியுமா? முப்பது நாள் லீவு மாப்ள. வியாழக்கிழமை ரயில். உன் மக ஹெட்டியத் தூக்கிக் கொஞ்சலாம். என் தங்கச்சி லவைனா கையால பீன்ஸும் பன்னிக்கறியும்...

— அவ பேர எடுக்காத! கிறிஸ்துமஸுக்கு முன்னால, காயம் ஆறி ஊர்லேந்து வந்தியே, என்ன சேதி கொண்டு வந்த? "என்ன ஆசை காட்டினாலும் மறுபடி கையெழுத்துப் போடக் கூடாது, ஆகஸ்டுல முழுசா வீடு வந்து சேரணும்னு லவைனா சொன்னா"ன்ன. ஹெட்டி மேல சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ணுன்ன. பண்ணினேன். சத்தியம் வாங்கினதும் நீ, இப்ப உடைக்கச் சொல்றதும் நீ. வெக்கமா இல்ல?

— இருக்கு.

— என்ன?

— வெக்கமாத்தான் இருக்குன்னேன். இருந்தாலும் கேக்கறேன். போட்டுடு மாப்ள.

— உள்ள வரலாமா? நான்தான், டோபி. ஜோத்தம், உன் தோல்பையக் கொஞ்சம் குடுப்பா. நீதான் எங்கயும் போகலியே. என் பைய எலி தின்னுடுச்சு. அந்தப் பொத்தல் பையோட எங்கம்மா முன்னாடி போயி நின்னா மானம் போயிடும்.

— ஆணியில தொங்குது, எடுத்துக்க. ஆனா ரொம்பக் குதிக்காத. ஒரு ஆள் கொறையுதாம், நீயும் போகப் போறதில்ல.

— யாரு சொன்னா? நேத்து மத்தியானமே ஆள் கணக்கு ரொம்பிப் போச்சே! மேல ரெண்டு பேரு வேற. கேப்டன் சொல்றப்ப சார்ஜண்ட்டு பக்கத்துலதான நின்னாரு! என்ன சார்ஜண்ட்டு?

— பைய எடுத்தாச்சுல்ல டோபி? கெளம்பு.

— தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?

— கெளம்புன்னேன்.

— சரி சரி, போறேன். ஏன் ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க!

— ஆக, கம்பெனிக்கு நான் வேண்டாம்.

— வேண்டாம்.

— நம்பர் நிக்குது. கொடி நிக்குது.

— நிக்குது மாப்ள.

— அப்ப எதுக்கு வந்து என் கழுத்த அறுக்கற? இன்னும் மூணு வருசம் நான் குண்டுக்கு முன்னால நிக்கணும்னு உனக்கு என்ன வேண்டுதல்?

— கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் லீவு. போடாதவன் ஆகஸ்ட் வரைக்கும் இங்கயேதான்.

— அது தெரிஞ்சதுதானே?

— லவைனா ஆகஸ்ட் வரைக்கும் இருக்க மாட்டா.

— என்ன பேச்சு இது? மச்சான், என்ன பேச்சு இது?

— எலும்புருக்கி. நான் போனப்பவே ரத்தமா இருமுறா. துணிய அடுப்புல போட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து எனக்கு ரொட்டி எடுத்து வெக்கறா. பனி உருகுற மட்டும் இருந்தாப் பெரிசுன்னுட்டாரு வைத்தியர். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கினா. தெனம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, அத உள்ள வெச்சுக்கிட்டு... முடியல மாப்ள. என் கூடப் பொறந்தவ. ஒரு தடவ போயிப் பாத்துடு.

— பொய். அப்படி இருந்தா வா வான்னுல்ல சொல்லியனுப்புவா? எதுக்குப் போடாதேன்னு தடுக்கணும்? எம்மேல என்ன கோவம் அவளுக்கு?

— நானும் இதத்தான் கேட்டேன். கத்தினேன். "அவரு கையெழுத்துப் போட்டு வந்தா எனக்கு ஒரு மாசம் கெடைக்கும் அண்ணே. அப்பறம் மூணு வருசம் அங்க போயி நிப்பாரு. நானும் இல்லாம அவரும் இல்லாம ஹெட்டி என்ன ஆவா? நான் பாக்காட்டிப் பரவால்ல, அவ பாக்கட்டும்"னா.

— ஐயோ... ஐயோ, லவைனா...

— அழு மாப்ள. யாரும் இல்ல.

— எனக்குப் போகணும் மச்சான். இப்பவே ஓடணும் போல இருக்கு.

— ஓடினா பிடிச்சுச் சுட்டுடுவாங்க. கேப்டன் கூடாரத்துக்கு வா, சாயங்காலம் வரைக்கும் சேத்துக்குவாங்க. ஆகஸ்ட் வரைக்கும் குண்டு உன்னைத் தேடாதுன்னு யாரு கண்டா? பனி உருகினா சண்டைதான். அவ சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், வா.

— ஹெட்டி இருமுறாளா?

— இல்ல. நல்லாக் கொழுகொழுன்னு இருக்கா. அப்படியே உன் மூக்கு.

— அவள யாரு பாத்துக்குவா?

— என் பொண்டாட்டி பாத்துக்குவா, ஆகஸ்ட் வரைக்கும். அதுக்கப்பறம்...

— அதுக்கப்பறம் நான்.

— மாப்ள, நல்லா யோசி. லவைனாவ இனி நீ பாக்கவே மாட்ட.

— தெரியுது. நீ போ வியாழக்கிழமை. உன்னைப் பாத்ததும் மொதல்ல கேப்பா, அவருகிட்டச் சொல்லிட்டியான்னு. சொல்லலன்னு அடிச்சுச் சொல்லு. அவரு ஒண்ணும் தெரியாம, ஆகஸ்டுல வந்து உனக்குச் சமையக்கட்ட இழுத்துக் கட்டித் தர்றேன்னு சிரிச்சுக்கிட்டுத் திரியறாருன்னு சொல்லு.