கொரியா ‘நீங்கள்’

யூரோ வந்த வருடம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் ட்ராமில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவளின் உடுப்பில் பொரித்த எண்ணெய் மணம்.

“கொரியாக்காரன் ஒருத்தன், முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துத் தங்கட பாஷையில ‘நீங்கள்’ எண்டா, சண்டைக்கு வாறான் எண்டு அர்த்தமாம், அக்கா.”

“ஆர் சொன்னது?”

“ரெஸ்ரோரண்ட் குசினியில என்னோட சமையல் வேலை செய்யிற கொரியா மனிசி. தெரியாத பொம்பிளையளை ‘இமோ’ எண்டுவினமாம், எங்கட சின்னம்மா மாதிரி. நானும் அவவை அப்பிடித்தான் கூப்பிடுறன். முதலாளிக்குப் பிடிக்கேல்லை. எல்லாரையும் பேர் சொல்லி, ‘டூ’ போட்டு, நீ எண்டு கதைக்கட்டாம். தன்னையும்தானாம்.”

“நீ என்ன செய்தனி?”

“இமோவை இமோ எண்டுதான் கூப்பிடுறன். அவனுக்கு மட்டும் ‘ஸீ’ போட்டு, நீங்கள் எண்டுறன்.”

“அவனுக்கு ஏனடி அவ்வளவு மரியாதை?”

“மரியாதையோ? அது கொரியா ‘நீங்கள்’, அக்கா.”