இல்லாத பொத்தானைத் தேடிய கை

நெருப்பையும் நீராவியையும் கணினித் திரைக்குள் கொண்டுவந்து காட்டும் மாநாட்டுத் தலைவர் அவர்களே! மென்பொருள் படைத்த பொறியாளர்களே! வயதில் மூத்தவர்களே! பெற்ற பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில், ‘அப்பா எதையாவது உளறிடக் கூடாதே’ என்று தலைகுனிந்திருக்கும் என் மகளே! அனைவருக்கும் வணக்கம்.

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த உரையை நானே எழுதினேன். எழுத்துகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. ஒன்று வரியை விட்டு ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. நடுவில் நான் நின்றால், மறந்துவிட்டான் என்று எண்ணாதீர்கள். தன் கையெழுத்தோடு தானே மல்லுக்கட்டுகிறான் என்று எண்ணுங்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! என் மகளும் இப்படித்தான் சிரித்தாள்.

வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கியவன் நான். இந்த வயதில்தான் எழுத்தறிந்தேன். என் மகள் கொதிகலன் இயக்கும் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாள். உங்கள் பயிற்சி மென்பொருளை வீட்டில் திறந்துவைத்துப் பழகுவாள்; பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத்துக் கூட்டுவேன். ‘புதிதாக எழுத்துக் கற்றவர்கூட எங்கள் திரையைப் படிக்கிறார்’ என்று மகிழ்ந்து என்னை மேடையேற்றினீர்கள். என் தலை கூரையைத் தொடுகிறது, ஐயா!

நானாகப் படித்த முதல் சொல் எது தெரியுமா? திரையின் கீழ்மூலையில் ஒரு பச்சைப் பொத்தான். அதில் இருந்த சொல், ‘மறுபடியும்’. அழுத்தம் ஏறும், அபாய மணி அலறும், திரைக்குள் கொதிகலன் வெடிக்கும். மகள் அந்தப் பொத்தானை அழுத்துவாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும்! கோணலாக எழுதி, அழித்து, திரும்ப எழுதும் எனக்கு அதைவிட இனிய சொல் உண்டா?

இனித்த அந்தச் சொல் சென்ற வாரம் கசந்தது. மகளை உண்மையான கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார்கள். உண்மையாகவே மணி அடித்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள்:

“அப்பா, இந்தக் கூத்தைக் கேளுங்க! கை தானா மூலைக்குப் போயிடுச்சு. அங்க பட்டனே இல்ல. வெறும் திரையத் தட்டிக்கிட்டு நிக்கறேன்!”

“அப்புறம்?”

“கூட வேல பாக்கற மீசைக்காரரு ஓடிவந்து வால்வைத் திறந்துட்டாரு. ‘ஏம்மா, கொசுவா அடிக்கற?’ன்னு கேக்கறாருப்பா!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். வரும் திங்கட்கிழமை அவள் அங்கே தனியாக உட்காரப் போகிறாள். மீசைக்காரர் இருக்க மாட்டார். பச்சைப் பொத்தானும் இருக்காது.

நெருப்புக்குத் தெரியுமா, மறுபடியும்? நீராவி அறியுமா, மறுபடியும்? வெடித்த இரும்பு ஒட்டுமா, மறுபடியும்? போன மகள் வருவாளா, மறுபடியும்?

என்ன, பொறியாளர் தம்பி? “அந்தப் பட்டன் இல்லாம எப்படிப் பெரியவரே பழகறது?” என்றா கேட்கிறீர்கள்? நியாயம். பழகும் நாளெல்லாம் அது இருக்கட்டும். விழுந்து எழத்தானே பயிற்சி? உங்கள் கருவி இல்லையென்றால் வால்வு எது, விசிறி எது என்றே என் மகளுக்குத் தெரிந்திருக்காது. கடைசிப் பயிற்சியில் மட்டும் அந்த மூலையை வெறுமையாக விடுங்கள். வெடித்தால் திரை இருளட்டும். அவள் எழுந்து வீட்டுக்கு வரட்டும். அந்த இருட்டை ஒருமுறை பார்த்த கை, அப்புறம் மூலைக்குப் போகாது, வால்வுக்குப் போகும்.

தலைவர் மேசை மணியைத் தொடுகிறார். ஐயா, இந்த மணி அடித்தால் நான் மேடையிலிருந்து இறங்கிவிடுவேன். அந்த மணி அடித்தால் என் மகள் எங்கே இறங்குவாள்?

மகளே, ஏன் எழுந்து நிற்கிறாய்? திட்டப் போகிறாயா? உரக்கச் சொல்லம்மா, அவைக்குக் கேட்கட்டும்.

“அந்தப் பட்டன எடுத்துடுங்க சார். திங்கட்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவ, அது இல்லாம நான் உக்காந்து பாக்கணும்.”

கேட்டீர்களா? அன்றைக்குக் கொசுக் கதை சொல்லி அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இதோ, மணியைத் தொட்ட கையால் தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். அந்தக் கை வாழ்க! பேச இடம் தந்த பொறியாளர்களுக்கும் பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. அடுத்த வாரம், வேலை முடிந்து வந்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், இதே கோணல் எழுத்தில் உங்களுக்கு எழுதுவேன். அதுவரை என்னோடு சேர்ந்து நீங்களும் அந்த வாசலைப் பார்த்திருங்கள். வணக்கம்.