இதர: ஒன்று

— நில்லுங்க, நில்லுங்க. காலையில இந்த கேட்டுக்குள்ள போனது நீங்க ஒருத்தர். இப்ப ரெண்டு பேரா வர்றீங்க?

— இவர் எங்கப்பா, கார்டு சார். உள்ள கோயில் படிக்கட்டுல உக்காந்திருந்தார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— ஏம்மா, இது சரணாலயம். உள்ளேருந்து ஒரு இறகு எடுத்துட்டுப் போனாலே கேசு. நீங்க முழுசா ஒரு ஆளையே கொண்டு போறேங்கறீங்க. சட்டம்னா சட்டம்.

— ஆளும் இறகும் ஒண்ணா சார்?

— ஆளுன்னு யார் சொன்னா? இந்தா, பதிவேட்டப் பாருங்க. யானை நாப்பத்தொண்ணு. கரடி ஒம்பது. முதலை இருபத்தாறு. கீழ பாருங்க. இதர, ஒண்ணு. அதுதான் இந்தச் சாமி.

— எங்கப்பாவ மிருகக் கணக்குலயா எழுதி வச்சிருக்கீங்க?

— நான் எழுதலம்மா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் அணையத் தெறந்துவிட்டாங்கல்ல, அந்த வாரம்தான் கணக்கெடுப்பு. அதிகாரி படகுல உக்காந்து பைனாகுலர்ல பாத்தாரு. மரத்து மேல ஏதோ ஒண்ணு, தொப்பலா நனைஞ்சு, தாடியோட. கரடியும் இல்ல, குரங்கும் இல்ல. இதரன்னு போட்டுட்டாரு.

— கீழ எறங்கி வந்ததும் திருத்த வேண்டியதுதானே?

— மேல போன கணக்க எவன் திருத்துவான்? வருஷா வருஷம் ஒண்ணு, ஒண்ணுன்னு எழுதுறோம். எண்ணிக்கை குறையாமக் காப்பாத்துறீங்கன்னு பாராட்டுக் கடிதம்கூட வந்துச்சு. போன வருஷம், ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, ஜோடி சேர்க்க ஏற்பாடு செய்யவும்னு எழுதியிருந்தாங்க.

— ஜோடி போய் மூணு வருஷம் ஆச்சு சார். அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டுக் கெடந்தாங்க. இப்ப வீட்டுல நானும் தையல் மிஷினும்தான். மிஷின் சத்தம் நின்னா வீடே பயமா இருக்கு.

— அடடா. சரி, இவருதான் உங்கப்பான்னு என்ன அத்தாட்சி? சாமி மவுனம். இத்தன வருஷமா வாயே தெறக்கல.

— நான் டெய்லர் சார். அப்பாவோட அளவு என் நோட்டுல இருக்கு. பின்னாடியிருந்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. தோள் பதினேழரை, இடது பக்கம் கால் இஞ்ச் எறக்கம். டேப்பு வச்சும் பாத்துட்டேன்.

— காட்டுக்குள்ள டேப்பு வச்சு அளந்தீங்களா? அதுக்குத் தனி அனுமதி வாங்கணும், தெரியுமா?

— சார், அஞ்சரைக்குக் கடைசி பஸ்.

— தோள வச்சு அப்பான்னா, என் தோளையும் அளந்து பாருங்க, நானும் யாருக்காவது அப்பாவா இருப்பேன். வேற அடையாளம் சொல்லுங்க.

— இந்தாங்க, அவரோட செருப்பு. பாத்துக்கம்மா, ஒரு முழுக்கு போட்டுட்டு வந்துடறேன்னு என் கையில குடுத்துட்டு ஆத்துல எறங்கினார். அப்பதான் அணையில சங்கு ஊதுச்சு. எல்லாரும் ஓடினோம். வருஷா வருஷம் இதத் தூக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் வர்றேன். அப்படியே திருப்பித் தூக்கிட்டுப் போறேன். இன்னிக்குத்தான் கோயில் வரைக்கும் உள்ள போனேன்.

— போட்டுப் பாத்துடுவோம். சாமி, கால நீட்டுங்க.

— வலது காலக் குடுங்கப்பா. பாத்தீங்களா சார், அளவெடுத்துத் தச்ச மாதிரி! இருங்க, அசல் அடையாளமே இடது கால்லதான் இருக்கு. இந்தச் சேத்தக் கொஞ்சம் துடைச்சுடறேன்...

— என்னம்மா? பேச்சு நின்னுபோச்சு? அடையாளம் இருக்கா இல்லையா?

— இருக்கு சார். இருக்கு. செருப்பும் சரியா இருக்கு.

— அப்ப சரி. ஆனா எண்ணிக்கை குறைஞ்சா காரணம் எழுதணும். படிவத்துல மூணுதான் இருக்கு. சாவு, திருட்டு, இடப்பெயர்ச்சி.

— இடப்பெயர்ச்சின்னு போடுங்க.

— போட்டுடலாம். சாயங்காலம் ரெண்டு கிளாஸ்ல டீ ஊத்திப் பழகிட்டேனே, அதுக்கு எந்தப் படிவத்துல எழுதுறது? நான் பேசுவேன், இவரு கேப்பாரு. என் பொண்டாட்டிகூட இவ்வளவு பொறுமையா கேட்டதில்ல. சாமி, போகத்தான் வேணுமா? பாருங்க, பாருங்க, தலைய ஆட்டுறாரு! எனக்கு ஒரு தடவையாவது ஆட்டியிருக்காரா?

— கையெழுத்து எங்க சார்?

— இங்க. பக்கத்துல உறவுமுறை.

— மகள்.

— ஆச்சு. இதர போயி அப்பா வந்தாச்சு. சட்டம்னா சட்டம். கேட்ட மூடுறேன், திரும்பிப் பாக்காமப் போங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

— வாங்கப்பா, மெதுவா. அந்த வளைவத் தாண்டினா பஸ் நிக்குது.

— வளைவு தாண்டிட்டோமாம்மா? அவனுக்குக் கேக்காதுல்ல?

— பேசறீங்களா!

— பொய்யோட பஸ் ஏற மனசு வரல. எனக்குப் பொண்ணே கெடையாதும்மா. கல்யாணமே ஆகல.

— அப்புறம் எதுக்குத் தலைய ஆட்டினீங்க?

— பதினோரு வருஷம் இதரவா இருந்தவன ஒருத்தி வந்து அப்பான்னு கூப்பிட்டா, எவன் மாட்டேம்பான்? தப்புதான். திரும்பிப் போயிடறேன். செருப்பக் கழட்டிடவா?

— வேண்டாம், கல்லு குத்தும். எங்கப்பாவுக்கு இடது கால்ல சுண்டுவிரல் கெடையாது. உங்களுக்கு அஞ்சும் இருக்கு, சேத்தத் துடைச்சப்பவே பாத்துட்டேன். ஏறுங்கப்பா, பஸ் கெளம்புது.