பச்சிலையாக இருந்தவள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எந்த விளையாட்டும் வராது. ஓடிப்பிடித்து விளையாடினால் முதலில் அகப்படுகிற ஆள் நான்தான். ஒரு கணினி விளையாட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லப்போகிறேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கேட்டீர்கள், சொல்கிறேன் மேடம். அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மூக்குக் கண்ணாடிக்கு வில்லை அரைக்கும் பட்டறையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை. அங்கே என்னை ‘மூணாம் மேசை’ என்பார்கள். வீட்டில் ‘அக்கா’. அம்மாகூட என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கும் அதுவே பழகிவிட்டது. அம்மா மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் மதிய ஷிப்ட். நான் ஒரு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அதன்பின் மாலை வரை நானும் தம்பியும்தான்.

அவனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். இருபத்தாறு வயது. கடைசி இரண்டு வருடம் முகத்தில் மாட்டிய மூச்சுக் கருவிதான் துணை. வலது கையில் இரண்டு விரல்கள் அசையும். அந்த இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு அவன் ஒரு ராஜ்ஜியத்தில் பெரிய ஆளாக இருந்தான்.

ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் உள்ளே வந்து விளையாடும் விளையாட்டு அது. வாள் பிடிக்கிறவர்கள், அம்பு விடுகிறவர்கள், மந்திரம் போடுகிறவர்கள் என்று ஆளுக்கொரு வேலை. தம்பி வைத்தியன். அங்கே அவன் பெயர் பச்சிலை. குழுவில் பன்னிரண்டு பேர் சண்டை போடுவார்கள், யாருக்கு அடி விழுகிறதோ அவருக்கு உயிர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் பின்னால் நிற்கிறான் என்றால் முன்னால் நிற்பவர்களுக்குக் குளிர்விட்டுப் போகும். முன்னால் நிற்பது ‘இடிச்சபுளி’. எத்தனை அடி விழுந்தாலும் இடித்த புளி மாதிரி அசையாமல் நிற்பதால் அவளே வைத்துக்கொண்ட பெயர். நிஜத்தில் பேருந்து ஓட்டுகிறாள். இன்னொருவன் ‘சுண்டெலி’. தம்பியின் நோய் அவர்களுக்குத் தெரியாது. கருவி போட்டபின் அவனால் நீளமாகப் பேச முடியாது என்பதால் எல்லாம் எழுத்தில்தான்.

போன வருடம் நெஞ்சில் சளி கட்டி அவனை மருத்துவமனையில் சேர்த்தோம். சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பார்த்தபடி சொன்னான்:

“அக்கா, ஒரே ஒரு வாரம் என் இடத்துல உக்காரு. வைத்தியன் இல்லன்னா அவங்க எல்லாரும் செத்துடுவாங்க.”

ஐந்து வாரம் ஆயிற்று. பட்டறையிலிருந்து வந்து ஒரு மணி நேரம் உட்காருவேன், பிறகு மருத்துவமனைக்கு ஓடுவேன். முதல் வாரம் தடுமாறினேன். இரண்டாம் வாரம் பிடிபட்டது. வில்லை அரைக்கிறவளுக்கு மயிரிழை பிசகினாலும் தெரியும், அது அங்கே உதவியது. நான்காம் வாரம் ஒரு கோட்டையை ஒருவர்கூடச் சாகாமல் பிடித்தோம். அந்தக் குழுவில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லையாம். பன்னிரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்று குதித்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

இடிச்சபுளி வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வு நேரத்தில் என்னுடன் பேசுவாள். அவள் மகள் அவளோடு பேசுவதில்லை. “இன்னிக்கும் போனை எடுக்கலடா பச்சிலை” என்று எழுதுவாள். நான் கேட்டுக்கொள்வேன். ஒரு நாள் எழுதினாள்: “முன்னாடியெல்லாம் எதாவது ஜோக் அடிச்சுட்டு ஓடிடுவே. இப்பதான்டா காதுகொடுத்துக் கேக்குற. நீ மாறிட்டே, நல்லாருக்கு.” அந்த வரியை நான் பலமுறை படித்தேன். தம்பியை விட நான் நன்றாக இருக்கிறேன் என்று ஒருவர் எழுத்தில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

தம்பி திரும்பி வந்தான். விரல்கள் இன்னும் மெலிந்திருந்தன. முதல் சண்டையிலேயே மூன்று பேர் செத்தார்கள். சுண்டெலி கேட்டான்: “என்னாச்சு பச்சிலை? போன வாரம் பிச்சு உதறினியே?” தம்பி சிரித்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சாகவிட்ட மூவரையும் நான் காப்பாற்றியிருப்பேன் என்பதும் உண்மை.

இரண்டு நாள் கழித்து, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்:

“அக்கா, அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். எனக்கு இப்படி, இத்தனை நாள் ஆடினது எங்க அக்கான்னு. நீ தனியா உனக்குன்னு ஒரு ஆளை உருவாக்கிக்கோ. ரெண்டு பேரும் சேர்ந்தே ஆடலாம்.”

“எதுக்குடா இப்ப? நல்லாத்தானே போயிட்டிருக்கு.”

“பொய்யா இருக்குல்ல. இடிச்சபுளிகிட்ட மொதல்ல சொல்லணும். சனிக்கிழமை சண்டை முடிஞ்சதும் சொல்றேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். புது ஆள் என்றால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும், கையில் ஒரு குச்சியோடு. அவர்கள் ஓடிவந்து அவனைத்தான் கொண்டாடுவார்கள். எவ்வளவு கஷ்டத்தில் நமக்காக ஆடியிருக்கிறான் என்று உருகுவார்கள். நான் அவனுடைய அக்கா ஆகிவிடுவேன். அது நான் ஏற்கெனவே இருக்கிற இடம்தானே.

சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போனபின் அவனைத் துடைத்துவிட்டுச் சட்டை மாற்றினேன். அசதியாக இருக்கிறது, சண்டையை நீயே ஆடு, முடிவதற்குள் எழுப்பிவிடு என்றான். மூன்று மணிக்குத் தொடங்கினோம். கணினி அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் இடது முழங்கை அவன் போர்வையில் உரசும்.

அன்று மூச்சுக் கருவியின் குழாயை நான் கழற்றவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். அவன் தலையை அசைத்தால் அது தானாகவே கழன்றுவிடும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. திரும்ப மாட்ட மூன்று நொடி போதும். மூன்று இருபதுக்குக் கழன்றது. கருவி கத்தியது. அதில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் இரண்டு நிமிடம் சத்தம் நிற்கும். இடிச்சபுளிக்கு உயிர் கால்வாசிதான் இருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கத்தியது. மறுபடி அழுத்தினேன். மொத்தம் ஐந்து தடவை என்று கருவியின் நினைவில் பதிவாகியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் எண்ணவில்லை. சரியாகத்தான் இருக்கும்.

சண்டை முடிந்ததும் குழாயை மாட்டினேன், தலை வாரிவிட்டேன். மருத்துவர் வந்து பார்த்தார். நோய் தெரிந்த விஷயம்தான் என்பதால் யாரும் எதையும் கேட்கவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நீ மட்டும் இல்லன்னா எம்புள்ள இவ்வளவு நாள் இருந்திருப்பானா?” என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அவன் போய்விட்டான் என்று குழுவில் சொல்லவில்லை. பச்சிலைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. பதினொரு மாதம் ஒரு நாள்கூட விடாமல் போனேன். இடிச்சபுளியின் மகள் கடைசியில் போனை எடுத்துவிட்டாள். நான் எழுதிக்கொடுத்ததைத்தான் இடிச்சபுளி மகளிடம் பேசினாள். அந்த நன்றியில்தான் விலாசத்தைத் தேடிப் பிடித்துச் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றாள். அம்மா கதவைத் திறந்தாள், அந்த விளையாட்டை ஆடியது தன் மகன்தான் என்று சொன்னாள். சுவரில் இருந்த தம்பியின் படத்தையும் அதன் அடியில் இருந்த இறந்த தேதியையும் அவள் நெடுநேரம் பார்த்ததாக அம்மா சொன்னாள். அந்தச் சனிக்கிழமைச் சண்டையில் எங்கள் குழு எல்லாவற்றிலும் பெரிய கோட்டையைப் பிடித்த நாள் அது. அவளுக்கு அந்தத் தேதி மறக்காது. அதன்பின் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவன் விழித்தானா என்று கேட்டீர்கள். விழித்தான். இரண்டாம் தடவை பொத்தானை அழுத்தும்போது அவன் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தான். அந்த இரண்டு விரல்களும் கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கின. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. கேட்டது. கேட்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவனால் கைதட்ட முடியாது, மேடம். யாராவது நன்றாக ஆடினால் கம்பியில்தான் தட்டுவான். அன்று நான் என் வாழ்நாளிலேயே மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன்.