பூண்டு மூட்டையும் என் இரண்டு கால்களும்

பூண்டியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ். முன் சீட்டுக்கு அடியிலிருந்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மூட்டையின் மேல் வசதியாகக் கால் போட்டிருந்தேன். அந்த சீட்டில் ஓர் அக்காவும், காலேஜில் படிக்கும் அவளுடைய தங்கையும்.

“பூண்டு வாசம் வருதுக்கா. நம்ம மூட்டைய எவனோ மிதிச்சிட்டான்.”

“ஏடி, பூண்டு மூட்டைல மல்லிப்பூவா மணக்கும்?”

“முழுப் பூண்டு இப்பிடி மணக்காதுக்கா. அதோட செல்லுக்குள்ள ஒரு பை இருக்கு. பைக்குள்ள ஒரு நொதி கெடக்கு, வெளிய வேற சரக்கு கெடக்கு. நசுங்கிப் பை கிழிஞ்சு ரெண்டும் சேந்தாத்தான் இந்த வாசமே பெறக்கும்.”

“அடிப்பாவி, விதைப்பூண்டுடி! நசுங்குனது மொளைக்காம அழுகிப் போகும். மாமியா வீட்டுல என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க.”

என் கால்கள் தாமாகவே எழுந்து அந்தரத்தில் நின்றன. கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தேன். காலைத் தூக்கிக்கொண்டு யாரும் தூங்குவதில்லை என்பது இரண்டு வளைவு தாண்டித்தான் உறைத்தது.

அக்கா மூட்டையை இழுத்து அவிழ்த்தாள். கைவிட்டுத் துழாவி, அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட நசுங்கலடி. எல்லாம் கல்லாட்டம் கெடக்கு.”

“அப்ப வாசம் எங்கருந்துக்கா வருது?”

மடியிலிருந்த என் சாப்பாட்டுப் பையைத் தடவினேன். பச்சைப் பூண்டு அரைத்த துவையல் டப்பாவின் மூடி திறந்திருந்தது. சத்தமில்லாமல் மூடிவிட்டு மறுபடியும் தூங்கினேன், இந்த முறை காலைக் கீழே வைத்துக்கொண்டு.