அமாவாசைக்கு வராத மகள்

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவரும் ஒரே ஜவுளிக்கடையின் சீருடைப் புடவையில் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்: "என் பொண்ணு அமாவாசைக்கு மட்டும் வூட்டுக்கு வரமாட்டா."

"ஏன்க்கா?"

"நட்சத்திரத்த ஆராய்ச்சி பண்ற சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ்ல கீறா இல்ல? நிலா வெளிச்சத்துல மங்கலான நட்சத்திரம்லாம் தெரியாதாம். அதான் அமாவாசையா பாத்து மலைமேல டெலஸ்கோப்பு கேட்டு எழுதிப் போடுவா. மூணு நாள் குடுத்தாலே பெரிசு."

"நாளைக்கு அண்ணனுக்குத் தெவசமாச்சே."

"எங்க வூட்டுக்காரரு போனதே அமாவாசைலதான். திதி வேற என்னிக்கு வரும்? மூணு வருஷமா அவ இல்லாமத்தான் படைக்கிறேன்."

"அங்க மேகம் போட்டா?"

"இன்னா பண்றது, சும்மா திரும்பி வரவேண்டிதான். மறுபடி எழுதிப் போட்டுட்டு மாசக்கணக்குல காத்துக்கினு கெடக்கணும்."

பேருந்து சிக்னலில் நின்றது. இளையவர் குனிந்து வெளியே பார்த்தார்.

"நல்லா மூடிக்கினு வருதுக்கா. மலைமேலயும் இப்டினா நாளைக்குப் பொண்ணு வந்துடுவா பாரு."

"வாயக் கழுவுடி. அவங்கப்பாவுக்கு நான் படைச்சுக்கறேன். அங்க வானம் தெளிஞ்சா போதும்."