முன்வாசல் காற்று

அக்கா, உன் வாண்டுதான் பேசுகிறேன். வயது இருபத்தேழு. இருப்பது ஆபீஸ் ஆறாவது மாடி ஜன்னலோரம், கையில் டீ. விரலால் எழுதினால் அழித்து அழித்து எழுதுவேன் என்பதால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. சனிக்கிழமை நீயும் மாமாவும் பாப்பாவோடு வருகிறீர்கள், சந்தோஷம். நான் காற்றுக் கணக்கு போட்டுக் கொடுத்த எதிர்க் கட்டடத்தின் முன்வாசலில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றாய். அதைப் பற்றித்தான்.

கட்டடம் எழும்பும் முன்பே கம்ப்யூட்டருக்குள் அதன்மேல் காற்றை வீசிப் பார்ப்பது என் வேலை. காற்று அங்கே தானாக வராது. எவ்வளவு வேகம், எவ்வளவு கொந்தளிப்பு என்று அது படத்துக்குள் நுழையும் எல்லையிலேயே நாம் சொல்லி அனுப்ப வேண்டும். வாசலில் சொன்னதைத்தான் அது உள்ளே போய்ச் செய்யும். மாமாவைப் போல.

முதலில் உண்மையைத்தான் சொல்லி அனுப்பினேன். திரையில் முன்வாசல் மூலை சிவந்துவிட்டது. சிவப்பு என்றால் ஆபத்து.

"என்னப்பா, அங்க மட்டும் அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றார் மேனேஜர்.

"காத்து சார். ஆளையே தள்ளிடும். மேல ஒரு மறைப்பு போட்டா சரியாயிடும்."

"வரைபடமெல்லாம் கையெழுத்தாகிப் போச்சே. உன்னை வேலையில நிரந்தரமாக்குற கடிதமும் கையெழுத்துக்காக என் மேசையிலதான் கிடக்கு. செவப்பு போகட்டும், பாக்கலாம்."

கட்டடத்தைத் திருத்துவதைவிடக் காற்றைத் திருத்துவது சுலபம். எல்லையில் இரண்டு எண்களைப் பாதியாக்கினேன். மூலை பச்சையானது. கடிதமும் வந்தது.

திறப்பு விழா அன்று மேனேஜரின் டோப்பா மூன்றாம் மாடி வரை போனது. அது டோப்பா என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த வகையில் காற்று நல்லதுதான் செய்தது. அடுத்த மாதம் தபால்காரருக்கு இடுப்பு முறிந்தது. அவர் ரொம்ப ஒல்லி. போன வாரம் யாரோ ஒரு அம்மாவின் கையை விட்டு, குழந்தையோடு தள்ளுவண்டி சாலைக்கு உருண்டது. பஸ் ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. நல்ல பிரேக். எதிரே இந்த ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், டீ கூடச் சிந்தவில்லை.

ஆக, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் நீ பின்வாசல் வழியாக வா. தள்ளுவண்டி வேண்டாம், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொள். போட்டோவை லிஃப்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் இதை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதே.